சமையலறையில் அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

நம் நாட்டின் நகர்ப்புறச் சமையலறைகளில் இரண்டு மின் சாதனங்கள் படிப்படியாக இடம் பெற்று வருகின்றன. ஒன்று, மைக்ரோவேவ் என்று பொதுவாக வழங்கும் நுண்ணலை அடுப்பு. மற்றது, எரிவாயு அடுப்பின் மேல் சுவரில் பொருத்தப்படும், சிம்னி என்று கடைக்காரர்கள் குறிப்பிடும் புகையுறிஞ்சி. முன்னதைப் பற்றி மக்களிடையே அச்சம் மிகுதி. அதிலிருந்து கதிர்கள் கசியும், உணவு நஞ்சாகும், அருகில் நின்றால் நோய் வரும் என்றெல்லாம் பேசப்படுகிறது. பின்னதைப் பற்றியோ அச்சமும் இல்லை, அக்கறையும் இல்லை. சுவர் கறுத்துப் போகாமல் காப்பதற்கான வசதிப் பொருள் என்பதே பலரது எண்ணம்.

இவ்விரண்டு எண்ணங்களும் திருத்தப்பட வேண்டியவை. நுண்ணலை அடுப்பில் நாம் அஞ்சும் ஆபத்து பெரும்பாலும் அங்கு இல்லை. அஞ்சாத சில ஆபத்துகள் அங்கு உண்டு. அடுப்பங்கரைப் புகையோ, பழகிப்போன காரணத்தினாலேயே நாம் பொருட்படுத்தாத பகையாகும். எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்பதை அறிந்து கொண்டால், குறைந்த செலவிலேயே சமையலறையைப் பாதுகாப்பான இடமாக ஆக்கிக் கொள்ளலாம்.

நுண்ணலை பிறந்த கதை

நுண்ணலை அடுப்பின் இதயம் போன்றது மாக்னெட்ரான் எனும் குழாய். இரண்டாம் உலகப் போரின் போது, பகை விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவிக்காக, 1940ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டால், ஹாரி பூட் என்னும் விஞ்ஞானிகள் அதன் ஆற்றல் மிக்க வடிவத்தை உருவாக்கினர். போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தைச் சேர்ந்த பெர்சி ஸ்பென்சர் இவ்வலைகளால் உணவைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரமும் ஏறத்தாழ 340 கிலோ எடையும் கொண்டதாக இருந்தது. மேசை மேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பு 1967இல்தான் வெளிவந்தது.

வானொலி அலைகளும் நுண்ணலைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டு அடுப்பில் பயன்படும் அலையின் அதிர்வெண் 2450 மெகா ஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 245 கோடி அதிர்வுகள். இவ்வலைகள் உணவில் உள்ள நீரின் மூலக்கூறுகளை இப்புறமும் அப்புறமும் திருப்ப முயல்கின்றன. இந்த இடையறாத அசைவின் உராய்வு வெப்பமாக மாறுகிறது. நுண்ணலையில் உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்று கூறப்படுவது சரியன்று. அலைகள் உணவினுள் சில சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே ஊடுருவுகின்றன. அதற்கு உட்பட்ட பகுதி, சாதாரண அடுப்பில் போலவே, வெளிப்பகுதியின் வெப்பம் மெல்லப் பரவுவதால்தான் சூடாகிறது. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்தால், பின்னால் கூறப்படும் எச்சரிக்கைகளில் சில தாமே விளங்கும்.

கதிர் பற்றிய அச்சம்

கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் எக்ஸ் கதிரும் அணுக்கதிரும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அவை உயிரணுக்களின் மூலக்கூறுகளைச் சிதைக்கும் ஆற்றல் வாய்ந்தவை. நுண்ணலைக்கு அந்த ஆற்றல் இல்லை. அதனால் செய்யக் கூடியது சூடாக்குவது ஒன்றே. அடுப்பை நிறுத்திய மறுகணமே அலைகளும் இல்லாமற் போகின்றன. உணவில் அவை தங்குவதில்லை. உணவு கதிரியக்கம் பெறுவதுமில்லை.

அலைகள் வெளியேறாதவாறு அடுப்பு ஓர் உலோகப் பெட்டியாகவே அமைக்கப்பட்டுள்ளது. கதவின் கண்ணாடிக்குப் பின்னால் சிறு துளைகள் கொண்ட உலோக வலை உண்டு. அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். துளைகளின் அகலமோ சில மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒளி அத்துளைகளின் வழியே வருகிறது; நுண்ணலை வருவதில்லை. கதவு திறந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பூட்டு விசைகளும் உள்ளே இருக்கின்றன.

அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசிவு இருத்தலாகாது என்பது அமெரிக்காவில் 1971 முதல் நடைமுறையில் உள்ள வரம்பாகும். தொலைவு கூடக் கூட இக்கசிவு விரைந்து குறைகிறது. 50 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. நம் நாட்டிலும் வீட்டு மின் சாதனங்களின் பாதுகாப்பு பற்றிய 302ஆம் எண் இந்தியத் தரவரையறையில் நுண்ணலை அடுப்புக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

எனவே நல்ல நிலையில் உள்ள அடுப்பின் கதிருக்கு அஞ்சத் தேவையில்லை. ஆனால் 'நல்ல நிலை' என்னும் நிபந்தனையை மறத்தலாகாது. கதவு வளைந்திருந்தாலோ, கீல் தளர்ந்திருந்தாலோ, கதவு விளிம்பின் அடைப்பு கிழிந்திருந்தாலோ, அடுப்பைப் பழுது பார்க்கும் வரை பயன்படுத்தக் கூடாது. கதவின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் சேர்ந்தால் கதவு சரியாகப் பொருந்தாது. ஈரத்துணியால் நாள்தோறும் துடைப்பதே இதற்குப் போதிய பாதுகாப்பு.

உண்மையான ஆபத்துகள்

நுண்ணலை அடுப்பினால் நேரும் காயங்களில் பெரும்பாலானவை சாதாரண வெப்பத்தால் உண்டாகும் தீப்புண்களே. அவற்றுள் எதிர்பாராமல் தாக்குவது வெந்நீர். வழவழப்பான கோப்பையில் தனி நீரை நுண்ணலையில் சூடாக்கும்போது, குமிழிகள் தோன்றாமலே நீர் கொதிநிலையைக் கடந்துவிடக் கூடும். பார்வைக்கு அந்நீர் அசைவற்று இருக்கும். கோப்பையை எடுத்து அசைத்த உடனோ, அதில் தேயிலைத் தூளையோ சர்க்கரையையோ இட்ட உடனோ, நீர் திடீரென்று பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும். இதைத் தவிர்ப்பது எளிது. காப்பித் தூளையோ சர்க்கரையையோ சூடாக்குவதற்கு முன்பே நீரில் கலந்துவிட வேண்டும். தேவைக்கு மேல் நேரம் வைத்தலாகாது. அடுப்பு நின்ற பின் அரை நிமிடமாவது பொறுத்துக் கோப்பையை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வெப்பம் சீராகப் பரவாமை. பெட்டியினுள் அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. சுழலும் தட்டு இக்குறையை ஓரளவே போக்குகிறது. ஆகவே கிண்ணத்தின் ஓரம் கொதிக்க, நடுவில் குளிர்ச்சி எஞ்சியிருக்கலாம். குழந்தையின் பால் புட்டியை நுண்ணலையில் சூடாக்கலாகாது என்று கூறப்படுவதற்கு இதுவே காரணம். புட்டி தொடுவதற்கு இதமாக இருக்கும். உள்ளே பாலின் ஒரு பகுதி குழந்தையின் வாயைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடேற்றுவதே முறை.

மீந்த உணவைச் சூடாக்குவோரும் இதைக் கவனிக்க வேண்டும். உணவு முழுவதும் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால்தான் நோய்க்கிருமிகள் அழியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே இடையில் ஒருமுறை அடுப்பை நிறுத்திக் கிளறிவிட்டு, மீண்டும் சூடாக்கி, ஓரிரு நிமிடம் மூடி வைத்து உண்ண வேண்டும். சோற்றைப் பொறுத்தவரை இன்னுமோர் எச்சரிக்கை தேவை. வெளியே நெடுநேரம் கிடந்த சோற்றில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்குவதால் அழிவதில்லை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் சேர்ப்பதுதான் தீர்வு.

மூன்றாவது, வெடிப்பு. ஓட்டுடன் கூடிய முட்டை, இறுக மூடிய புட்டி, துளையிடாத உருளைக்கிழங்கு ஆகியவற்றினுள் நீராவி வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகும். அவை அடுப்பினுள்ளும் வெடிக்கலாம். வெளியே எடுத்தபின் கையிலும் வெடிக்கலாம்.

பாத்திரமும் மின் இணைப்பும்

இந்தியச் சமையலறையின் முதன்மைப் பாத்திரம் எவர்சில்வரே. நுண்ணலை அடுப்புக்குப் பொருந்தாததும் அதுவே. உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. அதன் விளிம்புகளில் மின்பொறி எழலாம். அலுமினியத் தாள், பொன் அல்லது வெள்ளிக் கோடிட்ட பீங்கான் ஆகியவையும் இவ்வகையினவே. மெலமைன் தட்டுகள் தாமே சூடேறிக் கெடுபவை. ஆகவே அவையும் ஏற்றவை அல்ல. கண்ணாடியும் கோடிடாத பீங்கானும் பெரும்பாலும் ஏற்றவை. பிளாஸ்டிக் கிண்ணமாயின், நுண்ணலைக்கு உரியது என்ற குறி அதன் அடியில் இருத்தல் வேண்டும். கடைகளில் உணவு கட்டித் தரும் மெல்லிய டப்பாக்களை அப்படியே உள்ளே வைப்பது நன்றன்று.

ஒரு பீங்கான் பாத்திரம் ஏற்றதா என்று ஐயம் எழுந்தால், அதை வெறுமையாக அடுப்பினுள் வைத்து, அருகில் ஒரு கோப்பை நீரையும் வைத்து ஒரு நிமிடம் இயக்கலாம். நீர் சூடேறிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது ஏற்றது. பாத்திரமே சூடானால் ஏற்றதன்று. நீரோ உணவோ இல்லாமல் அடுப்பை இயக்கலாகாது. ஏற்பதற்குப் பொருள் இல்லாத அலைகள் திரும்பி வந்து மாக்னெட்ரானையே கெடுக்கும்.

அடுத்தது மின்சாரம். 1400 வாட் மின்சக்தியை ஏற்கும் அடுப்பு, 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 6 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் பாயிண்டின் எல்லை அதுவே. ஆகவே நில இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் பாயிண்டை இதற்கெனத் தனியே அமைத்துக் கொள்ள வேண்டும். நீட்டிப்புக் கம்பிகளில் இணைப்பது கம்பி சூடேறித் தீப்பற்றுவதற்கு வழி செய்யும். மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்பு விசை வீட்டின் மின்பலகையில் இருப்பது பெரும் பாதுகாப்பு.

அடுப்பின் காற்றுத் துளைகளைத் துணியாலோ பாத்திரங்களாலோ மறைத்தலாகாது. பழுதானால் தாமே திறந்து பார்க்க முனைவது உயிருக்கே ஆபத்து. உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதன் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்ற பணியாளரிடமே அதை விட வேண்டும். உள்ளே உணவு தீப்பற்றினால், கதவைத் திறக்காமல், விசையை அணைத்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். காற்று கிடைக்காத தீ தானே அடங்கும்.

பழகிப்போன பகை

இனி, நாம் அஞ்ச மறந்த ஒன்றைக் காண்போம். வீட்டினுள் எரிபொருள் புகையால் மாசுபட்ட காற்று காரணமாக, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்படியில் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது.

இதைப் போக்கும் முயற்சி நம் நாட்டில் புதிதன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகை போக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்து, 1953இல் அது குறித்து நூலும் வெளியிட்டார். 1980களில் தொடங்கப்பட்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடைபெற்றது. 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தின் கீழ், 10 கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் ஏழைப் பெண்களின் பெயரில் வழங்கப்பட்டுள்ளன. தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்களின் பங்கு, 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வில் 43.8 சதவிகிதமாக இருந்தது; 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் 58.6 சதவிகிதமாக உயர்ந்தது. எனினும் கிராமப்புறத்தில் அப்பங்கு அப்போது 43.2 சதவிகிதமே.

விறகு நீங்கியதும் புகைப் பிரச்சினை முற்றும் தீர்ந்துவிட்டது எனக் கருதலாகாது. எரிவாயுச் சுடர் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் ஆவியில் நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்கள் உண்டு. மின் அடுப்பில் பொரித்தாலும் அவை எழவே செய்யும். மிகு வெப்பத்தில் பொரிப்பதால் எழும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாகப் பெரிதும் கருதத்தக்கவற்றுள் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010இல் வகைப்படுத்தியது. புகையுறிஞ்சி அலங்காரப் பொருள் அன்று என்பது இதனால் விளங்கும்.

புகையுறிஞ்சியின் முறையான பயன்

புகையுறிஞ்சிகள் இருவகைப்படும். ஒன்று குழாய் வழியாகப் புகையை வீட்டுக்கு வெளியே தள்ளுவது. மற்றது கரி வடிகட்டியில் காற்றைச் செலுத்தி, அதே அறையினுள் திரும்ப விடுவது. பின்னது எண்ணெய்ப் பிசுக்கையும் மணத்தையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடின் பெரும்பகுதியும் ஈரமும் அறையிலேயே தங்குகின்றன. ஆதலால் வெளியே குழாய் அமைக்க வழியுள்ள வீட்டில் முதல் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய் நீளம் குறைந்தும், வளைவு குறைந்தும் இருக்க வேண்டும். பரணிலோ அடுத்த வீட்டுச் சன்னலுக்கு எதிரிலோ முடிதல் கூடாது.

உறிஞ்சியின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையலாகாது. எரிவாயு அடுப்பிலிருந்து ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் பொதுவாகக் கூறப்படுகிறது. தயாரிப்பாளர் தரும் அளவே இறுதியானது. மிகத் தாழ்ந்தால் தீப்பற்றும். மிக உயர்ந்தால் புகை பக்கவாட்டில் நழுவும். சமைக்கத் தொடங்குமுன் அதை இயக்கி, முடித்த பின்னும் ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதிகம் புகையும் பண்டத்தைச் சுவரை ஒட்டிய அடுப்பில் வைத்தால் புகை நன்கு பிடிபடும்.

உறிஞ்சும் திறன் பற்றி ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். 5 சதுர மீட்டர் பரப்பும் 2.75 மீட்டர் உயரமும் உள்ள சமையலறையின் கொள்ளளவு 13.75 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு 15 முறை மாற வேண்டுமெனக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 206 கன மீட்டர் காற்று வெளியேறினால் போதும். கடைகளில் 1000 கன மீட்டருக்கும் மேற்பட்ட திறன் விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் வெளியேறும் அளவு காற்று உள்ளே வர வழியில்லையெனில், அத்திறன் ஏட்டளவில்தான் நிற்கும். ஆகவே உறிஞ்சி ஓடும்போது ஒரு சன்னல் சற்றேனும் திறந்திருக்க வேண்டும். இதில் உயிர் காக்கும் காரணமும் ஒன்று உண்டு. குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி உள்ள வீட்டில், எல்லாக் கதவுகளையும் அடைத்து உறிஞ்சியை இயக்கினால், அக்கருவியின் கழிவு வாயு வெளியேறாமல் வீட்டினுள் இழுக்கப்படலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரைக் கொல்லும்.

நம் சமையலில் எண்ணெய் மிகுதி. எனவே வடிகட்டியை மாதம் ஒருமுறையேனும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். படிந்த பிசுக்கு புகையைத் தடுப்பதோடு, தீக்கு எரிபொருளாகவும் ஆகும். வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. அடுப்பையும் உறிஞ்சியையும் நிறுத்தி, வாணலியைத் தட்டால் மூட வேண்டும். உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தால் சுடரை மேலே இழுத்துக் குழாய்க்குள் கொண்டு செல்லும்.

வாயு கசியும் வேளையில்

இறுதியாக, பலரும் தவறிழைக்கும் ஓர் இடம். எரிவாயு கசிந்த மணம் வந்ததும், அதை வெளியேற்றும் எண்ணத்துடன் எக்ஸாஸ்ட் விசிறியையோ புகையுறிஞ்சியையோ இயக்கச் சிலர் விரைகின்றனர். இது பெருந்தவறு. விசையைத் தட்டும்போது எழும் சிறு மின்பொறியே அறை முழுவதையும் பற்ற வைக்கப் போதுமானது. மேலும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது தரையை ஒட்டித் தேங்கும், மேலே உள்ள உறிஞ்சிக்கு எளிதில் எட்டாது. எந்த மின்விசையையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

இவை யாவும் இல்லத்தாரின் பொறுப்பு மட்டுமன்று. சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்றும், குறைந்தது ஒரு சதுர மீட்டர் சன்னல் திறந்தவெளியை நோக்கி அமைய வேண்டும் என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. அச்சன்னல் காற்றுப் புழக்கமற்ற கூண்டினுள் திறத்தல் ஆகாது என்பதும் அதன் விதி. குடியிருப்புகளையும் பணியாளர் இல்லங்களையும் வடிவமைக்கும் அலுவலர்கள் இவ்விதியுடன், உறிஞ்சிக் குழாய்க்கு வெளிச்சுவரில் ஒரு துளை, நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று ஆகியவற்றையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால், பின்னர் சுவரை உடைக்கும் செலவும், நீட்டிப்புக் கம்பியின் ஆபத்தும் நேராது.

நுண்ணலை அடுப்பு எல்லா வீட்டுக்கும் இன்றியமையாதது அன்று. புகையற்ற காற்றோ, குடிசையாயினும் மாளிகையாயினும், ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றியமையாதது. காணாத கதிருக்கு அஞ்சும் நாம், கண்ணைக் கரிக்கும் புகைக்கு அஞ்சக் கற்றுக்கொள்ள வேண்டும்.